குதிரைக்காரரின் நாலாவது கசெற்

ஐஸ் பக்டரி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குள் வேலை செய்தவர்கள் ஆளோடு ஆள் கையால்தான் கதைத்தார்கள். இரண்டு கொம்பிறசரும் சேர்ந்து ஓடினால் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. சிமியோன் அண்ணை பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தவர். ஐஸ் பாளங்களை இழுத்தெடுத்து, உமி தூவி, சாக்குப் போட்டு மூடி, குருநகர்க் கரையில் நிற்கும் வள்ளங்களுக்கு அனுப்புவது அவருடைய வேலை. மூலையில் ஒரு ரேப் றெக்கோடர் இருந்தது. அதில் என்ன பாட்டைப் போட்டாலும் கொம்பிறசர் தின்றுவிடும். சினிமாப் பாட்டு, பைலாப் பாட்டு, மாதா பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தார்களாம். ஒன்றும் தப்பவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு அவருடைய தமையன் சந்தியோகு லீவில் வந்தார். சரக்குக் கப்பலில் வேலை. யப்பானில் ஒரு துறைமுகத்தில் வாங்கியது என்று ஒரு கசெற்றைத் தம்பியிடம் கொடுத்தார். அட்டையில் கடலலையின் மேல் இரண்டு காலில் எழுந்து நிற்கும் வெள்ளைக் குதிரை. மற்றதெல்லாம் யப்பான் எழுத்து. அந்தக் குழுவின் பெயரைச் சந்தியோகு திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தும் ஒருவர் நாக்கிலும் அது நிற்கவில்லை. ஆகவே குதிரைக்காரர் என்று ஆயிற்று. அந்தக் கசெற்றைப் பக்டரியில் போட்டபோது கொம்பிறசரால் அதைத் தின்ன முடியவில்லை.

“அது ஒண்டுதான் எனக்குக் கேட்ட பாட்டு” என்பார் சிமியோன் அண்ணை. ஏன் பிடித்தது என்று யார் கேட்டாலும் அவர் சொல்லும் காரணம் அவ்வளவுதான்.

குதிரைக்காரரைக் கேளாதவர்களுக்கு அதை விளக்குவது கஷ்டம். மேளக்காரனுக்கு இரண்டு காலுக்கும் இரண்டு பெரிய மேளம். பாட்டுத் தொடங்கினால் முடியும்வரை அவன் ஓடிக்கொண்டேயிருப்பான். இரண்டு கித்தார்கள் ஒன்றையொன்று துரத்திப்போய், எட்டிப்பிடித்து, பிறகு கைகோத்துக்கொண்டு மேலே ஏறும். அவற்றுக்கும் மேலே பாடுபவனின் குரல். கேட்கச் சண்டைபோல இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது சந்தோசம். பெருநாளன்று மாதா சுருவம் கோயிலைவிட்டு வெளியே வரும் நேரம் வெடியும் மணியும் பாண்ட் வாத்தியமும் ஒன்றாகக் கிளம்புமே, அந்த நேரத்தை அப்படியே நிறுத்தி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி.

சந்தியோகு அடுத்த முறை வந்தபோது இரண்டாவது கசெற்றைக் கொண்டுவந்தார். பிறகு கப்பலை விட்டு யப்பானிலேயே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கிருந்து வந்தால் திரும்பப் போகமுடியாத நிலைமை, ஆகவே வரவில்லை. மூன்றாவது கசெற் தபாலில் வந்தது. தமையனும் தம்பியும் எழுதிக்கொண்ட கடிதங்களில் சுகம் கேட்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். மிச்சம் முழுக்கக் குதிரைக்காரர். எந்தப் பாட்டில் எந்தக் கித்தார் முந்துகிறது, மேளக்காரன் எங்கே மூச்சு விடுகிறான் என்று ஒருவருக்கொருவர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இரண்டு பேரும் வேறு எதையும் பக்கக்கணக்கில் எழுதக்கூடிய ஆட்கள் இல்லை.

மூன்று கசெற்றையும் பற்றிச் சிமியோன் அண்ணையிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. முதலாவது பசியோடு செய்தது. இரண்டாவதுதான் வயிறு நிறைந்த சாப்பாடு. மூன்றாவதில் கீபோட் வாத்தியத்தைக் கூட்டிவிட்டார்கள், பாயசத்தில் சீனி கூடினமாதிரி. இதை அவர் யாரிடமும் சொல்வார். சுன்னாகத்தில் சூடை மீன் வாங்க வந்த ஒரு அக்காவிடம், மீனை நிறுத்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தாராம். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உதெல்லாம் இருக்கட்டும், மீன் நேற்றையானோ?” என்றாவாம்.

மீன் விற்கப் போனது தொண்ணூறுக்குப் பிறகு. அந்த ஆண்டு சண்டையால் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் நின்றது, கொம்பிறசரும் நின்றது. பக்டரிக்குள் ஆளுக்கு ஆள் குரல் கேட்ட அன்றே எல்லாருக்கும் வேலை போயிற்று. சிமியோன் அண்ணை சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டியைக் கட்டினார். விடியக் கரையில் மீன் எடுத்து, சுன்னாகம் வரைக்கும் மிதித்து, வெயில் சாயத் திரும்பி வருவார். நான் அவருடைய வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அவர் வருவதை முதலில் கேட்கலாம், பிறகுதான் காணலாம். வாயால் இரண்டு மேளமும் அடித்துக்கொண்டு வருவார்.

பற்றறி எங்கள் பக்கத்துக்குள் வர அரசாங்கத்தின் தடை. யாரிடமாவது பழையது இருந்தால் வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நெளித்து, ஒரு செய்தி கேட்கும் அளவுக்கு உயிர் வரவைப்பார்கள். கசெற்றுக்கு அது காணாது. எல்லா வீட்டிலும் செய்வதையே சிமியோன் அண்ணையும் செய்தார். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வரும் வயரை றேடியோ திருத்துபவர் ஒருவர் கட்டிக்கொடுத்த சின்னப் பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து ரேப் றெக்கோடருக்குக் கொடுப்பது. ஒருவர் ஏறி மிதிக்கவேண்டும். மிதிக்கும்வரை பாட்டு.

மிதிப்பதற்கு அவர் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மெதுவாக, ஒரே சீராக. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த அடைக்கலநாதன் வீட்டில் எவனோ கண்மண் தெரியாமல் மிதிக்க, ரேப் றெக்கோடர் செற் புகைவிட்டு எரிந்துபோயிற்று. அதிலிருந்து சிமியோன் அண்ணை பலசாலிகள் ஒருவரையும் சைக்கிளில் ஏற விடுவதில்லை. ஒல்லியும் அவசரமில்லாதவனுமாக ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அகப்பட்டேன். ஹாண்டிலில் ஒரு கவிதைப் புத்தகத்தைக் கிளிப் போட்டுக் கொழுவிவிட்டு, அதை வாசித்துக்கொண்டே மிதிப்பேன். அவருக்கும் அது நல்ல வசதியாக இருந்தது.

“கவிஞர் மிதிச்சா மாட்டு வண்டிலிலை போறமாதிரி. செற்றுக்கு ஒண்டும் வராது” என்று வருகிறவர்களிடம் சொல்வார். நான் கவிதை எழுதுவதில்லை, வாசிக்கிறதுதான் என்று இரண்டொருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் நாலாவது கசெற் வந்தது. சந்தியோகு அதைக் கொழும்பிலிருந்த ஒரு சொந்தக்காரருக்கு அனுப்ப, மகளின் பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்த யோசப்பின் என்ற எங்கள் ஊர் ரீச்சர் திரும்பும்போது அதைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கிளாலிக் கடலால் படகில் கொண்டுவந்தார். இந்த முறை அட்டையில் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் சந்தியோகுவின் கையெழுத்தில் ஒரு துண்டு: “முந்தின மூண்டையும் விட இதுதான் திறம். கேட்டிட்டு எழுது.”

சிமியோன் அண்ணை அன்று குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு, மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தார். அவருடைய மனைவி மக்டலீன் அக்கா, இந்தப் பாட்டு நடக்கும்போதெல்லாம் செய்வதுபோல, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. நான் மிதித்தேன்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடியும் தறுவாயில் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார்.

“பாடுறவனுக்கு வயசு போட்டுது” என்றார் கடைசியில். “மேளக்காரன்ரை காலிலை சாக்குக் கட்டிவிட்டமாதிரிக் கிடக்கு.”

அப்போதுதான் அது நடந்தது. கடைசிப் பாட்டுக்குப் பிறகு கசெற்றில் கொஞ்சம் வெறும் ரேப் மிச்சம் இருந்திருக்கிறது. சந்தியோகு, மேலே பதியவிடாமல் கசெற்றின் மூலையில் விட்டிருக்கும் ஓட்டையைச் செலோரேப்பால் ஒட்டி, அந்த மிச்சத்தில் தன்னுடைய குரலைப் பதித்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. திடீரென்று ஒரு ஆள் தமிழில் கதைத்தார். அம்மா, நான் சுகமாக இருக்கிறேன், ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம் என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, “நீ உள்ளதைச் சொல்லு. மற்ற ஆக்கள் சொல்லுறதை நான் நம்பமாட்டன்” என்றார். குரல் தடித்து, ஒவ்வொரு சொல்லாக இழுபட்டு, நாக்குப் புரளாதது போலிருந்தது.

தாய் செபஸ்தியம்மா வலை மூட்டையில் சாய்ந்தபடி இருந்தவ. அவவின் புருசன் உயிரோடு இருந்த காலத்தில் பின்னேரங்களில் படலையடியில் நின்று இப்படித்தான் கதைப்பாராம். பாதி வாழ்க்கை அந்தக் குரலுக்குப் படலை திறந்துவிட்டவ.

“குடிச்சிருக்கிறான்” என்றா. அழவில்லை. “தேப்பன்ரை குரல் வந்திட்டுது.”

தடிமன் காய்ச்சலாக இருக்கும், அங்கே பனிக்காலம் என்று சிமியோன் அண்ணை சமாளித்தார். ஆனால் அவருக்கும் உள்ளே ஒன்று பொருந்திக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். குடிக்கிற ஒருவனுக்கு இந்தத் தூங்குமூஞ்சிக் கசெற் திறமாகத் தெரியும்தானே. பாட்டுக் கெட்டுப்போனதற்குத் தமையன் சாட்சி, தமையன் கெட்டுப்போனதற்குப் பாட்டு சாட்சி.

அவர் நியாயமான மனிதர். செற்றில் பிழையோ என்று பார்க்க அடுத்த நாள் இரண்டாவது கசெற்றைப் போடச் சொன்னார். நான் மிதித்தேன். அது எப்போதும்போல வயிறு நிறையவே இருந்தது. மேளக்காரன் ஓடினான், பாடுபவன் ஏறினான். சிமியோன் அண்ணை தலையாட்டிக் கேட்டுவிட்டு, செற்றில் பிழையில்லை என்று தீர்மானித்தார். அதன்பிறகு ஒரு கிழமையாக அவர் வாயால் மேளம் அடித்துக்கொண்டு வரவில்லை. சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும் வந்தது.

யோசப்பின் ரீச்சர் திரும்பவும் கொழும்புக்குப் போக இருந்தார். திங்கட்கிழமை விடியப் பயணம். பதில் அவருடைய கையில் போகவேண்டும். அதை விட்டால் அடுத்த ஆள் எப்போது போவாரென்று தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். என்னுடைய கையெழுத்து வடிவு என்று அவருக்கு ஒரு எண்ணம்.

கசெற் சரியில்லை, ஆட்கள் களைத்துப்போனார்கள், அதைத் திறம் என்று சொன்ன உன்னுடைய காதும் களைத்துப்போயிற்று, இனி உதுகளை வாங்கி அனுப்பிக் காசைக் கரியாக்காதே என்று எழுதுவித்தார். கீழே செபஸ்தியம்மா தன்னுடைய பங்குக்குச் சொன்னா: குடியை விடு, என்ரை தலையில் கைவைத்ததாக நினைத்துச் சத்தியம் பண்ணு.

மக்டலீன் அக்கா கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றா. குதிரைக்காரரைப் பற்றி அவவின் கருத்து முதல் நாளே முடிந்துபோன ஒன்று. கலியாணம் முடித்து வந்த புதிதில், “உவங்கள் ஆரை ஏசுறாங்கள்?” என்று கேட்டவ, பதில் கிடைக்காததால் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னா:

“உது போய்ச் சேர்ந்தால் அந்த மனுசன் இனி எழுதாது. உங்களுக்கும் அவருக்கும் இடையிலை கிடக்கிறது உந்தப் பேய்ப்பாட்டு ஒண்டுதான். அதையும் அறுத்துப்போட்டு என்னத்தை எழுதப்போறீங்கள்? மீன் விலையையோ?”

“அதுக்காகப் பொய் எழுதட்டோ? உள்ளதைச் சொல்லு எண்டுதான் கேட்டவன்.”

“சும்மா நல்லாயிருக்கு எண்டு எழுதினால் குறைஞ்சு போவியளோ?”

“குறைஞ்சு போவன்” என்றார் சிமியோன் அண்ணை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைத்தார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு கடைசியாக ஒருமுறை முழுவதையும் கேட்டுவிட்டு ஒட்டுவதென்று முடிவாயிற்று. கேட்காமல் தீர்ப்பை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலையில் கரையில் நடந்தபோது எனக்குக் காலில் கெளிற்று மீன் முள் ஏறிவிட்டது. பாதம் வீங்கி, செருப்புப் போட முடியவில்லை. நொண்டி நொண்டி அவர்கள் வீட்டுக்குப் போய், மிதிக்கமாட்டேன் என்று காலைக் காட்டினேன். சிமியோன் அண்ணை தானே ஏறலாம். ஆனால் அவர் ஏறினால் செற்றில் காதை வைத்துக் கேட்பது யார்? பக்கத்து வீட்டுப் பொடியன்களில் ஒருவனைக் கூப்பிட நினைத்து, அடைக்கலநாதனின் செற் ஞாபகம் வர, விட்டுவிட்டார்.

“தள்ளுங்கோ, நான் மிதிக்கிறன்” என்றா மக்டலீன் அக்கா. பூசைச் சேலையை மாற்றிப் பாவாடை சட்டையில் நின்றா. முகத்தில் முதல்நாள் கோபம் அப்படியே இருந்தது. “எப்பிடியும் இது இண்டைக்கு முடியவேணும். முடிஞ்சால்தான் நான் உலை வைக்கலாம்.”

ஏறி இருந்து மிதிக்கத் தொடங்கினா. கசெற் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் நின்றிருந்தது. முழுவதையும் கேட்பதென்று சொல்லியிருந்தாலும், அதைத் திருப்பக்கூட அவர்களுக்கு மனமில்லை. முதலில் மெதுவாகத்தான் மிதித்தா. அந்தக் களைத்த மேளம் தட்டுத்தடுமாறித் தொடங்கியது. அவ அதை ஒரு நிமிசம் கேட்டிருப்பா. பிறகு மிதியைக் கூட்டினா.

“மக்டலீன், மெதுவா.”

“கெதியா மிதிச்சால் கெதியா முடியும்தானே.”

“செற் எரியப்போகுது, இஞ்சாரும்.”

“எரியட்டும். பிறகு ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை.”

சில்லு இரையத் தொடங்கியது. சிமியோன் அண்ணை டைனமோவைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

மேளக்காரன் காலிலிருந்த சாக்கு கழன்று விழுந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கித்தார்களும், ஒரு கிழமையாகச் சேற்றுக்குள் நடந்தவை, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின. பாடுபவன் முதலில் தன் உயரத்துக்கு வந்தான். பிறகு அதையும் தாண்டி, மூன்று கசெற்றிலும் அவன் போகாத ஒரு இடத்துக்குப் போனான். மக்டலீன் அக்கா ஒன்றையும் கவனிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள்போல மிதித்துக்கொண்டிருந்தா. சிமியோன் அண்ணை நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கி, அதே கையால், நிறுத்தாதே, நிறுத்தாதே என்று பக்டரிக் காலத்துச் சைகை காட்டினார்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. மக்டலீன் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் மிதித்தா. கசெற்றில் ஒரு சின்ன இரைச்சல் வந்தது.

“அம்மா, நான் சந்தியோகு கதைக்கிறன்.”

அடுப்படியில் மீன் வெட்ட ஆயத்தமான செபஸ்தியம்மா கத்தியோடு எழும்பி வந்தா. அவ எங்களைப் பார்க்கவில்லை. நேரே படலையைப் பார்த்தா. அங்கே ஒருவருமில்லை. பிறகு ரேப் றெக்கோடரைப் பார்த்தா. குரல் கொஞ்சம் அவசரப்பட்டது, கொஞ்சம் மெல்லிசு. ஆனால் அதில் தடிப்பு இல்லை, இழுவை இல்லை. ஒரு மனிதன் தன்னுடைய வீட்டுக்குள் நின்று கதைப்பதுபோலிருந்தது.

“திரும்பப் போடு” என்றா.

ரேப்பைச் செற்றில் பின்னுக்குச் சுற்றினால் அதற்கும் மிதிக்கவேண்டும். ஆகவே எல்லோரும் செய்வதுபோலச் சிமியோன் அண்ணை கசெற்றை வெளியே எடுத்து, என்னுடைய பேனையைச் சில்லுக்குள் விட்டுச் சுழற்றினார். இரண்டு தரம் பேனை விழுந்தது. திரும்பவும் போட்டார்கள். இந்தத் தடவை செபஸ்தியம்மா சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, கத்தி பிடித்த கையை மேலும் கீழும் அசைத்து மருமகளுக்குச் சொன்னா.

“கொஞ்சம் ஆறுதலா, மோளை. இல்லை, நல்லாக் குறைஞ்சுபோச்சு, இப்ப தேப்பன் வாறார். கூட்டு. இன்னும் கொஞ்சம். ஆ.”

மக்டலீன் அக்காவின் கால் அந்த வேகத்தில் நின்றது.

“ஓம்” என்றா செபஸ்தியம்மா. “இவன்தான்.”

சுகமாக இருக்கிறேன், ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம் என்று சந்தியோகு சொன்னார். தாய் அதை முழுவதும் கேட்டா. பிறகு சேலைத் தலைப்பால் கத்தியைத் துடைத்தா. துடைக்க அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் மெதுவாக மிதிக்க மிதிக்க ரேப்பும் மெதுவாகச் சுற்ற, எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்திருந்திருக்கிறோம். பழைய கசெற்றுகள் மூன்றும் அதே இழுவையில்தான் இரண்டு வருடமாகப் பாடியிருக்கின்றன. ஆனால் அவற்றைக் கரண்ட் இருந்த நாளில் கேட்டவர் சிமியோன் அண்ணை. தெரிந்த பாட்டைக் காது தானாகவே இழுத்து நிமிர்த்திவிடும். நாலாவதை நிமிர்த்த அவருக்கு ஒரு ஞாபகமும் இருக்கவில்லை. சந்தியோகுவின் குரல்? அதைக் கேட்டும் ஐந்து வருடமாயிற்று. அடைக்கலநாதனிடம் பிறகு கேட்டபோது, செற் எரிந்தது வேகத்தால் இல்லை, பெட்டியில் வயரை மாறிக் கொழுவினதால் என்றார். அதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்க, ஒருவரும் கேட்கவில்லை என்றார்.

அன்று உலை வைக்கப் பின்னேரமாயிற்று. முதலாம் பக்கத்தை மக்டலீன் அக்கா அந்த வேகத்திலேயே மிதித்தா. களைத்தபோது சிமியோன் அண்ணை ஏறினார், அவர் கேட்கவென்று இறங்கியபோது திரும்பவும் அவ ஏறினா. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் மீன்பெட்டியில் இருந்தேன். முதல் தடவையாகப் புத்தகமில்லாமல் கேட்டேன். மூன்றாவது பாட்டில் கித்தார்கள் இரண்டும் திடீரென்று நின்று, மேளம் மட்டும் தனியே ஓடும் ஒரு இடம் வருகிறது. அந்த இடத்தில் சிமியோன் அண்ணை கண்ணை மூடியிருந்தார். வெளியே ஒழுங்கையில் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“நாய் துரத்தினமாதிரி ஓடுறாங்கள்” என்றா மக்டலீன் அக்கா சைக்கிளில் இருந்தபடியே. கொஞ்சம் பொறுத்து, “ஆனால் மிதிக்க நல்லாயிருக்கு” என்றா.

பழைய கடிதத்தை அடுப்புக்குக் கொடுத்தார்கள். விளக்கு வைக்க முதல் புதிதாக எழுதினோம். நான், கசெற் மிகவும் திறம் என்று தொடங்கி எழுதிவிட்டேன். அவர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதை வெட்டச் சொன்னார்.

“திறம்தான். ஆனால் அவன் என்ன எழுதியிருக்கிறான்? முந்தின மூண்டையும் விட எண்டு. அது பிழை. ரெண்டாவதைத் தாண்டேல்லை. உள்ளதைச் சொல்லவேணும்.”

மக்டலீன் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனா. அவர் அவசரப்படாமல் சொன்னார், நான் எழுதினேன். பாடுபவனின் குரல் இவ்வளவு உயரத்துக்குப் போகுமென்று நான் நினைக்கவில்லை. மேளம் மூன்றாவது பாட்டில் தனியாக ஓடும் இடம், அதைப்போல ஒன்றை அவர்கள் முன்னர் செய்யவில்லை. கீபோட்டைக் குறைத்தது நல்ல வேலை, சீனி அளவாக இருக்கிறது. ஆறாவது பாட்டுத் தேவையில்லாதது, அதைச் சேர்த்தவனை ஐஸ் பக்டரியில் ஒரு நாள் வேலை செய்ய விடவேண்டும். முழுவதையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுக்குக் கீழே, முதலாவதுக்கு மேலே. நீ இதை ஒத்துக்கொள்ளமாட்டாய். எழுது பார்ப்போம்.

மெதுவாக மிதித்த கதையையும் எழுதட்டோ என்று கேட்டேன். யோசித்தார். வேண்டாம், அங்கே இருக்கிறவனுக்கு அது விளங்கப்படுத்தப் பேப்பர் காணாது என்றார். செபஸ்தியம்மாவின் பங்குக்குக் கீழே ஒரு வரிதான் இருந்தது. குடியை விடு என்றிருந்ததை, நேரத்துக்குச் சாப்பிடு என்று மாற்றினா.

கடிதம் யோசப்பின் ரீச்சரோடு போயிற்று. மறுமொழி வர ஏழெட்டு மாதம் சென்றது. நாலு பக்கம். மூன்றரைப் பக்கத்தில் சந்தியோகு, இரண்டாவதைவிட நாலாவது ஏன் திறமென்று ஒவ்வொரு பாட்டாக எடுத்து அடித்திருந்தார். ஆறாவது பாட்டுக்கே தனியாக அரைப் பக்கம் வக்காலத்து. சிமியோன் அண்ணை அதை மீன்பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்துக்கொண்டு, சுன்னாகம் போகும் வழியெல்லாம் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டு போனார்.

என்னுடைய கால் வீக்கமும் மாறி, நான் திரும்பவும் மிதிக்கப் போனேன். புத்தகம் கொண்டுபோவதில்லை. குதிரைக்காரரைக் கேட்பதென்றால் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. எந்தக் கசெற்றைக் கேட்பதானாலும் முதலில் நாலாவதின் கடைசியைப் போடவேண்டும். செபஸ்தியம்மா வந்து முன்னால் இருந்து, கூட்டு, குறை என்று மகனைச் சரிப்படுத்துவா. அவ ஓம் என்ற பிறகு அந்த மிதியை மாற்றாமல், பேனையால் சுற்றிப் பாட்டுக்கு வரவேண்டும்.

போன ஞாயிறு நாங்கள் எல்லாவற்றையும் கொழுவித் தயாராக இருக்கும்போது அவ கோயிலிலிருந்து வந்து சேரவில்லை. மிதி எனக்கு இப்போது காலில் படிந்துவிட்டது, அவ இல்லாமலும் பிடிப்பேன் என்றேன். சிமியோன் அண்ணை கேட்கவில்லை.

“பொறும், கவிஞர்” என்றார். “ஆள் வரட்டும்.”

சைக்கிளில் ஏறியபடியே, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, படலையைப் பார்த்தபடி இருந்தேன்.